41 மில்லியன் இலக்க எண்ணை எப்படி நம்புவது?



நம் ஜொகூரில் கூலாய், செடெனாக் பக்கம் போகிறவர்கள் அங்கே எழும்பியிருக்கும் தரவு மையங்களைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே என்னதான் செய்கிறார்கள் என்று கேட்பவர்களும் உண்டு. வெளிநாட்டில் அத்தகைய மையங்களில் போடப்பட்ட ஒரு கணக்கைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

2024 அக்டோபரில் லூக் டுராண்ட் என்ற அமெரிக்கர் ஒரு பகா எண்ணைக் கண்டுபிடித்தார். ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடுவது பகா எண், தமிழ்ப்பள்ளியில் படித்ததுதான். 136,279,841 இரண்டுகளை வரிசையாகப் பெருக்கி, வரும் விடையில் 1ஐக் கழித்தால் அந்த எண் கிடைக்கும். அதில் 41,024,320 இலக்கங்கள்! விநாடிக்கு ஓர் இலக்கமாக இரவு பகல் பாராமல் வாசித்தாலும் 475 நாள் ஆகும். அதற்கு முன் அறியப்பட்ட பகா எண் எதுவும் இவ்வளவு பெரிதில்லை.

சரி, இது பகா எண்தான் என்று எப்படி நம்புவது? இங்கேதான் பலர் சறுக்கியிருக்கிறார்கள். மூன்று இரண்டுகளைப் பெருக்கி 1ஐக் கழித்தால் 7. ஐந்து என்றால் 31, ஏழு என்றால் 127. எல்லாம் பகா எண்கள். பதினொன்றுக்கும் அப்படியே வரும் என்று மனம் சொல்லும். வருவதோ 2047, அது 23 பெருக்கல் 89. மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி 1644இல், 67க்கும் பகா எண் வரும் என்று எழுதிவைத்தார். அது தவறு என்று தெரிய 1876 வரை ஆயிற்று. நம் ராமானுஜன்கூட 1913இல் சென்னையிலிருந்து பேராசிரியர் ஹார்டிக்கு எழுதியபோது, பகா எண்களைப் பற்றிச் சொன்னவற்றில் சில பிழையாகிப் போயின. மேதைக்கே அந்தக் கதி.

மெர்சென்னின் 67ஐத் தவறென்று காட்டியவர் பிரான்சின் எடுவார் லூக்கா. அவர் வழியைப் பின்னர் அமெரிக்கர் லேமர் எளிமையாக்கினார். 4இல் தொடங்குங்கள். அதை அதாலேயே பெருக்கி 2ஐக் கழியுங்கள். சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி அதையே செய்யுங்கள். 31ஐப் பார்ப்போம். முதல் சுற்றில் 14. அடுத்து 194, மீதி 8. அடுத்து 62, மீதி இல்லை. ஆகவே 31 பகா எண். ஐந்து இரண்டுகளுக்கு மூன்று சுற்று. எப்போதும் இரண்டு குறைவு.

டுராண்டின் எண்ணுக்கு 136,279,839 சுற்றுகள். நடுவில் ஓர் இலக்கம் பிசகினாலும் அத்தனையும் வீண். டப்ளினில் இருந்த ஒரு சில்லு முன்சோதனை செய்து, பகா எண்ணாக இருக்கலாம் என்றது. மறுநாள் டெக்சஸில் லூக்காவின் கணக்கு ஒத்து வந்தது. அதற்குப் பிறகும், வேறு இயந்திரங்களில், வேறு நிரல்களில் போட்டுப் பார்த்துத்தான் அறிவித்தார்கள்.

வீட்டுப் பிள்ளைகளிடம் 127க்கு இந்தக் கணக்கைக் கொடுங்கள். ஐந்தே சுற்று. மூன்றாவதில் மீதி 42 வந்தால் சரியான வழியில் போகிறார்கள்.