ஆயுத விற்பனையும் எதிரீட்டு ஒப்பந்தமும்: கணக்கைக் கேட்போம்

(திக்லிபூரில் நம் சங்கத்தின் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளுக்கு 'ஆப்செட்' என்று பெயர். இதைக் கேட்டதும் பலருக்கு அச்சகம் நினைவுக்கு வரும். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஆப்செட் அல்ல இது. ஆயுதம் விற்கும் அயல்நாட்டுக் கம்பெனிக்கும் வாங்கும் அரசுக்கும் இடையே எழுதப்படும் எதிரீட்டு ஒப்பந்தம். "உன்னிடம் இத்தனை கோடிக்கு வாங்குகிறேன், அதில் ஒரு பங்குக்கு நீ என் நாட்டில் பொருள் வாங்க வேண்டும், முதலீடு செய்ய வேண்டும், அல்லது தொழில்நுட்பம் தர வேண்டும்" என்பதே இதன் சாரம்.

திக்லிபூரில் உட்கார்ந்துகொண்டு இதைப் பேசுவானேன் என்று கேட்கலாம். ஷிப்பூர் விமானத் தளம் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 2001இல் கடற்படை விமான நிலையமாகத் தொடங்கியது, 2019 ஜனவரியில் ஐ.என்.எஸ். கோஹாசா என்று பெயர் பெற்றது. வடக்கே கடலைத் தாண்டினால் மியான்மரின் கோகோ தீவுகள். கண்காணிப்பு விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் டில்லியில் நியாயம் சொல்லும்போது அந்தமான் கடலின் பெயர் அடிபடுகிறது. நம் கடலின் பெயரால் வாங்கப்படும் பொருளுக்கு நாமும் வரி கட்டுகிறோம். ஆகவே கணக்குக் கேட்கும் உரிமை நமக்கும் உண்டு.

நண்பர்களே! முதலில் இதை எளிமையாக விளங்கிக்கொள்வோம். ஏரியல் பே துறையில் மீன் பிடிக்கும் ஒருவர் படகுக்கு இயந்திரம் வாங்கப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை 1 லட்சம். "வாங்குகிறேன் ஐயா, ஆனால் 30,000 ரூபாய்க்கு என்னிடம் கருவாடு வாங்கிக்கொள்ள வேண்டும்" என்கிறார். வியாபாரி சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்கிறான். ஏன் தெரியுமா? இயந்திரத்தின் விலையை முன்பே கொஞ்சம் ஏற்றி வைத்துவிட்டான். அதோடு, அந்தக் கருவாட்டை அவன் எப்படியும் எங்காவது வாங்கத்தான் போகிறான். மீனவருக்குப் புதிதாக ஒரு சந்தை கிடைத்ததா, அல்லது வழக்கமான வியாபாரத்துக்கே புதுப் பெயர் சூட்டப்பட்டதா? இந்தக் கேள்விக்குள்தான் ஆப்செட் விவகாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

சாதாரண அரசுக் கொள்முதலில் இந்த நிபந்தனையை உலக வர்த்தக அமைப்பின் அரசுக் கொள்முதல் உடன்பாடு தடை செய்கிறது. ஆனால் நாட்டுப் பாதுகாப்புக்கு அதில் விலக்கு உண்டு. அந்த வாசல் வழியாகவே ஆயுதச் சந்தையில் இந்தப் பழக்கம் செழித்தது. இது சந்தையின் இயல்பைக் கெடுப்பது என்று 1990இல் அமெரிக்க அரசே கொள்கை வகுத்தது. ஆனால் தன் கம்பெனிகளைத் தடுக்கவில்லை; முடிவை அவற்றின் கையிலேயே விட்டுவிட்டது. விற்பனைக்கு உதவுவதை எந்த வியாபாரிதான் விடுவான்?

எப்படி உதவுகிறது என்று பார்ப்போம். 1975இல் பெல்ஜியம், நெதர்லாந்து, டென்மார்க், நார்வே ஆகிய நான்கு நாடுகள் சேர்ந்து அமெரிக்காவின் எப்-16 போர் விமானத்தைத் தேர்ந்தெடுத்தன. தாங்கள் வாங்கும் விமானங்களின் மதிப்பில் 40 விழுக்காடு, அமெரிக்க விமானப் படைக்குப் போகும் விமானங்களில் 10 விழுக்காடு, மற்ற நாடுகளுக்கு விற்பவற்றில் 15 விழுக்காடு வேலை தங்கள் தொழிற்சாலைகளுக்கு வர வேண்டும் என்று பேசி முடித்தார்கள். அந்த நாடுகளுக்கு வேலை கிடைத்தது. விற்றவனுக்கு ஐரோப்பாவில் வேர் கிடைத்தது. உள்ளூர்த் தொழிற்சாலையும் தொழிலாளியும் அந்த விமானத்தை நம்பி வாழத் தொடங்கிய பிறகு, அடுத்த முறை வேறொருவனிடம் வாங்குவது எளிதா?

தென்னாப்பிரிக்காவின் கதை வேறு. 1999இல் அங்கே சுமார் 3,000 கோடி ராண்டுக்கு ஆயுதம் வாங்கினார்கள். அதற்கு ஈடாக 10,000 கோடி ராண்டுக்கும் மேற்பட்ட முதலீடும் வியாபாரமும் வரும், 65,000 பேருக்கு வேலை கிடைக்கும் என்று சொன்னார்கள். பயிற்சி விமானத் தேர்வில் இத்தாலிய விமானம் விலை குறைவாக இருந்தும், விலையை ஒதுக்கி வைத்துப் பார்த்த மதிப்பீட்டின் பலத்தில் பிரிட்டனின் ஹாக் விமானம் வென்றது. நீர்மூழ்கிக் கப்பலோடு சேர்த்துக் கோகாவில் வாக்களித்த எஃகு ஆலை எழும்பவேயில்லை. வேலைக்கு ஏங்கிய மக்களிடம் ஆயுதத்தைக் காட்டாமல் வேலையைக் காட்டி விற்றார்கள். நிறவெறியை வென்று வந்த ஒரு நாட்டுக்கே இந்த ஏமாற்றம் என்றால், மற்றவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டாமா?

இனி நம் நாட்டுக்கு வருவோம். கேல்கர் குழுவின் பரிந்துரையை ஒட்டி 2005இல் ஆப்செட் விதி இங்கே புகுத்தப்பட்டது. 300 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட கொள்முதலில் குறைந்தது 30 விழுக்காடு திரும்பி வர வேண்டும் என்றார்கள். 2016இல் அந்த வரம்பு 2,000 கோடியாக உயர்த்தப்பட்டது.

நம் விதிப்படி ஆப்செட்டுக்கு மதிப்பெண் கிடையாது. ஆப்செட் திட்டம் விதிக்கு உட்பட்டதா என்று மட்டும் பார்ப்பார்கள். பிறகு குறைந்த விலை சொன்னவனே வெல்வான். அப்படியானால் ஆப்செட் எப்படி வெற்றிக்கு உதவும்? இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. டெண்டர் வருவதற்கு முன்பே இங்கே கடை விரித்து, உதிரி பாகம் செய்வோரைத் தேடிப் பிடித்து, அவர்களைப் பழக்கி வைத்தவனுக்கு அந்த 30 விழுக்காடு பாரமே அல்ல. ஆகவே அவனால் விலையைக் குறைத்துச் சொல்ல முடியும். கடைசி நேரத்தில் ஓடி வருபவனுக்கோ அதுவே தலைச்சுமை. முன்கூட்டிச் செய்த வேலையை 'வரவு' வைத்துக்கொண்டு அடுத்த ஒப்பந்தத்தில் கழித்துக்கொள்ளும் வசதியும் 2008 முதல் வந்தது. 2007இல் 126 போர் விமானங்களுக்கு 50 விழுக்காடு ஆப்செட்டோடு டெண்டர் கோரியபோது, ஆறு கம்பெனிகள் போட்டியிட்டன. யார் வெல்வார் என்று தெரியும் முன்பே இந்தியக் கூட்டாளிகளைத் தேடி ஒப்பந்தம் போட்டார்கள். அந்தக் கொள்முதல் 2015இல் கைவிடப்பட்டது.

விமானக் கம்பெனி இந்தச் சுமையைத் தனியாகச் சுமப்பதுமில்லை. இயந்திரம் தருபவனிடமும் ரேடார் தருபவனிடமும், "இந்த விமானத்தில் உனக்கு இடம் வேண்டுமானால் ஆப்செட்டிலும் பங்கு எடு" என்கிறது. எடுக்க முடிந்தவன் உள்ளே வருகிறான். முடியாதவன் வெளியே நிற்கிறான். இவ்விதம் பெரிய கம்பெனிக்கு மட்டுமல்ல, அதற்குப் பொருள் தருபவனுக்கும் ஆப்செட் ஒரு சாவியாகிறது.

நம் கடலோடு தொடர்புள்ள உதாரணம் ஒன்றைப் பார்ப்போம். 2009 ஜனவரியில் போயிங் கம்பெனியிடம் எட்டு பி-8ஐ கடல் கண்காணிப்பு விமானங்களுக்குச் சுமார் 210 கோடி டாலருக்கு ஒப்பந்தம் ஆயிற்று. முதல் விமானம் 2013 மே மாதம் அரக்கோணத்தில் உள்ள ஐ.என்.எஸ். ராஜாளியில் வந்து இறங்கியது. 2016 ஜனவரியில் இந்த ரக விமானங்கள் போர்ட் பிளேருக்கும், அதாவது இன்றைய ஸ்ரீ விஜயபுரத்துக்கும் வந்தன. அவற்றில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் செய்த தகவல் இணைப்புக் கருவி உண்டு. இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் செய்த ஆயுத அறைக் கதவும் உண்டு. இது பெருமைப்பட வேண்டிய விஷயமே. ஆனால் இந்த ஒப்பந்தத்தின் ஆப்செட் கடமை சுமார் 64 கோடி டாலர். 2016 ஆகஸ்டுக்குள் முடிய வேண்டிய அது முழுவதும் நிறைவேறவில்லை என்று 2018இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை குறித்தது.

இது ஒரு கம்பெனியின் கதை மட்டுமல்ல. 2020 செப்டம்பரில் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் இன்னொரு அறிக்கை வந்தது. 2005 முதல் 2018 மார்ச் வரை 46 ஆப்செட் ஒப்பந்தங்கள். மதிப்பு 66,427 கோடி ரூபாய். 2018 டிசம்பருக்குள் நிறைவேறியிருக்க வேண்டியது 19,223 கோடி. நிறைவேற்றிவிட்டோம் என்று கம்பெனிகள் சொன்னது 11,396 கோடி. அதில் அமைச்சகம் ஏற்றுக்கொண்டது 5,457 கோடி. அதாவது நூறு ரூபாய் வந்திருக்க வேண்டிய இடத்தில், ஒப்புக்கொள்ளப்பட்டது இருபத்தெட்டு ரூபாய்! கம்பெனிகள் சொன்ன தொகையில் மீதியின் பெரும்பகுதி பரிசீலனையில் கிடந்தது, அல்லது குறையுடையது என்று தள்ளப்பட்டது. ஒப்பந்தத்துக்குத் தகுதி பெறுவதற்காக வாக்குறுதிகளை அடுக்கிவிட்டு, பிறகு அவற்றில் கம்பெனிகள் அக்கறை காட்டவில்லை என்பதே அந்த அறிக்கையின் கருத்து. 2016இல் 36 ரபேல் விமானங்களுக்குப் போட்ட ஒப்பந்தத்தில் ஆப்செட் 50 விழுக்காடு. அதில் ஒரு பங்கை உயர் தொழில்நுட்பமாகத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். உள்நாட்டுப் போர் விமானத்துக்கு இயந்திரம் செய்ய நம் ஆராய்ச்சித் துறை உதவி கேட்டது. அந்த அறிக்கை எழுதப்பட்ட வரையில் உறுதியான பதில் வரவில்லை.

அறிக்கை வந்த சில நாட்களிலேயே புதிய கொள்முதல் விதி வெளியானது. அரசுக்கும் அரசுக்கும் இடையிலான ஒப்பந்தங்களிலும், ஒரே விற்பனையாளரிடம் வாங்கும் இடங்களிலும் ஆப்செட் இனி வேண்டாம் என்று அது சொன்னது. பலன் வரவில்லை, விலைதான் ஏறுகிறது என்பது காரணம். விலை ஏறுகிறது என்பது உண்மையே. நம் மீனவர் கதை அதைத்தான் சொல்கிறது. ஆனால் வசூலிக்கத் தெரியாததால் கடன் பத்திரத்தையே கிழித்துப் போடுவது என்ன நியாயம்?

ஆப்செட்டால் பயனே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. சி-130 விமானத்தின் வால் பகுதியும், அப்பாச்சி ஹெலிகாப்டரின் உடற்பகுதியும் ஹைதராபாத்தில் செய்யப்படுகின்றன. 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்ட பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஆகிய ஐந்து ஊர்கள் உள்ளன. பம்பு செட்டுக்கு லேத் ஓட்டிப் பழகிய ஒரு கோவைப் பட்டறை, விமானத் தொழிலுக்கான ஏ.எஸ். 9100 தரச் சான்று பெற்று ஒரு முறை பாகம் செய்து கொடுத்துவிட்டால், உலகச் சந்தையில் அதற்கு ஒரு விலாசம் உண்டாகும். அந்தச் சான்றும் புதிய இயந்திரமும் கடன் இல்லாமல் வருவதில்லை. ஆப்செட் கடமை முடிந்ததும் ஆர்டரும் நின்றுவிட்டால், வட்டி கட்டுவது பட்டறைக்காரர்தான். ஆகவே நீடிக்கும் வேலையா, கணக்குக் காட்டும் வேலையா என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நம் வடக்கு அந்தமானில் அத்தகைய தொழிற்சாலை ஏதுமில்லை. சாடில் பீக் மலையின் காட்டை வெட்டி இங்கே ஒன்றை நிறுத்துங்கள் என்று நாம் கேட்கவும் இல்லை. நாம் கேட்பது மூன்று.

ஒன்று, ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் எவ்வளவு திரும்பி வர வேண்டும், எவ்வளவு வந்தது, எந்த ஊருக்கு வந்தது என்ற விவரத்தை ஆண்டுதோறும் மக்கள் முன் வைக்க வேண்டும். இராணுவ ரகசியம் விமானத்தின் ரேடாரில் இருக்கலாம். பட்டறைக்குக் கொடுத்த ஆர்டரில் என்ன ரகசியம்?

இரண்டு, தவறியவனிடம் விதியில் உள்ள தண்டத்தைத் தயங்காமல் வசூலிக்க வேண்டும். எப்படியும் நடந்திருக்கும் வியாபாரத்தை ஆப்செட் கணக்கில் ஏற்றக் கூடாது.

மூன்று, 2011இல் ஆப்செட் விதியை விரிவாக்கியபோது சிவில் விமானத் தொழிலோடு பயிற்சியையும் சேர்த்தார்கள். அந்த வழியில் இந்தத் தீவுகளின் பிள்ளைகளுக்கு விமானப் பராமரிப்பிலும் கடல்சார் மின்னணுத் தொழிலிலும் பயிற்சி வரட்டும். ஷிப்பூரில் இறங்கும் விமானத்தை வேலிக்கு வெளியே நின்று பார்க்கும் பையன், நாளை ஸ்பானர் பிடித்து அதன் அடியில் நிற்கட்டும்.

தோழர்களே! ஆப்செட் என்பது விற்பவன் தரும் சீதனம் அல்ல. விலையில் ஏற்றி நம்மிடம் முன்பே வாங்கிக்கொண்ட நம் பணம். விற்பவனுக்கு அது வெற்றியைத் தேடித் தருகிறது; அதில் அவன் கண்ணும் கருத்துமாக இருக்கிறான். வாங்குகிற நாம் கணக்குக் கேட்காமல் இருந்தால், அது அவனுடைய தூண்டிலில் மாட்டிய இரையாகத்தான் இருக்கும். கணக்குக் கேட்டால் நம் பட்டறைக்கு வேலையாகவும், நம் பிள்ளைக்குத் தொழிலாகவும் மாறும். கப்பலேறி வந்து இந்தத் தீவில் குடியேறிய நமக்கு, கொடுத்ததை எண்ணிக் கொடுத்து, வர வேண்டியதை எண்ணி வாங்கும் பழக்கம் புதிதல்ல. அதை டில்லிக்கும் நினைவூட்டுவோம்.