கடலுக்கு அறங்காவலர் யார்?



கோயிலுக்கு அறங்காவலர் உண்டு. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் உண்டு. கடலுக்கு உண்டா? கடலில் குப்பை சேராமல் தடுப்பதற்கென ஒரு பொது அறக்கட்டளை அமையுமாயின், அதன் ஆட்சிக்குழுவில் அமர்வோரின் கடமை யாது? இதனை இன்று சிறிது எண்ணிப் பார்ப்போம்.

கடற்குப்பை என்றவுடன் அதைக் கப்பல்களும் கடற்கரைக்கு வருவோருமே கொட்டியதாகப் பலர் கருதுகின்றனர். உண்மையில் அதன் பெரும்பகுதி நிலத்திலிருந்தே செல்கின்றது. தியாகராய நகர் அங்காடித் தெருவில் ஒருவர் ஒரு பிளாஸ்டிக் உறையை எறிகின்றார் என்று வைத்துக்கொள்வோம். மழைநீர் அதனை வடிகாலுக்குள் இழுத்துச் செல்கின்றது. வடிகாலிலிருந்து அது மாம்பலம் கால்வாயை அடைந்து, நந்தனத்திற்கருகே அடையாற்றில் கலக்கின்றது. கோட்டூர்புரத்தைக் கடந்து முகத்துவாரம் சேர்கின்றது. அங்கே மணல்மேடு ஆற்றின் வாயை அடைத்திருக்கும் மாதங்களில் உறை காத்துக் கிடக்கும். வடகிழக்குப் பருவமழை வெள்ளம் வந்து வாயைத் திறந்ததும், பட்டினப்பாக்கத்திற்கும் ஊரூர்க் குப்பத்திற்கும் இடையே அது கடலுக்குள் போய்விடும். எறிந்தவர் கடற்கரைப் பக்கமே சென்றிருக்கமாட்டார். ஆயினும் அவருடைய உறை சென்றுவிட்டது! மறுநாள் ஊரூர்க் குப்பத்து மீனவர் வலையில் மீனோடு அதுவும் ஏறுகின்றது.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய துன்பமன்று. 2010ஆம் ஆண்டில் 192 கடலோர நாடுகளிலிருந்து 48 இலட்சம் முதல் 127 இலட்சம் டன் வரை பிளாஸ்டிக் கடலில் கலந்திருக்கக்கூடுமென்று 2015இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. இவ்வளவு பெரிய சுமையைத் தனியொருவர் நீக்க இயலாது. ஆகவேதான் அமைப்பு வேண்டும். அமைப்பை நடத்தக் குழு வேண்டும்.

‘அறக்கட்டளை’ என்னும் சொல்லில் நம் முன்னோரின் நெடுநாளைய பட்டறிவு அடங்கியிருக்கின்றது. சோழர்காலக் கல்வெட்டுகளைப் பாருங்கள். கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிவதற்குத் தொண்ணூறோ தொண்ணூற்றாறோ ஆடுகள் அளிக்கப்பட்டன. அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று எழுதினர். ஆடு சாவாதா? மூப்படையாதா? சாகும், மூப்பும் அடையும். ஆனால் பொறுப்பேற்றவன் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை நிரப்பிக்கொண்டே இருக்கவேண்டும். நெய்யைப் பயன்கொள்ளலாம், மந்தை குறையலாகாது. வைத்த முதல் குறையாமல் அடுத்த தலைமுறைக்குச் செல்லவேண்டும் என்பதே இதன் கருத்து. அறத்தைச் செய்தவரினும் அதனைக் காத்தவரின் அடியைத் தலைமேல் தாங்குவதாகவும் அக்கல்வெட்டுகள் கூறும். காத்தலுக்கு அத்துணைச் சிறப்பு!

கடலும் அத்தகைய மந்தையே. மீன் அதன் பயன்; கடல் அதன் முதல். இக்கருத்தை நம் நாட்டுச் சட்டமும் ஏற்றுக்கொண்டுள்ளது. இமாசலப் பிரதேசத்தில் ஒரு விடுதிக்காகப் பியாஸ் ஆற்றின் போக்கை மாற்ற முயன்ற வழக்கில், உச்சநீதிமன்றம் 1996இல் தீர்ப்பு வழங்கியது. ஆறு, காடு, கடற்கரை போன்ற இயற்கைச் செல்வங்களை அரசு மக்களுக்காக அறங்காவலராய் நின்றே காக்கின்றது. அவற்றைத் தன் உடைமைபோல் தனியாருக்கு வழங்கலாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். அரசுக்கு மட்டுமா கடமை? 1976இல் நிறைவேறிய நாற்பத்திரண்டாவது திருத்தம், இயற்கைச் சூழலைக் காப்பதைக் குடிமக்கள் ஒவ்வொருவரின் அடிப்படைக் கடமையாகவும் அரசியலமைப்பில் சேர்த்தது.

நம் அடையாற்றங்கரையிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2006இல் தமிழ்நாடு அரசு ‘அடையாறு பூங்கா அறக்கட்டளை’யை அமைத்தது. 2010இல் அதன் பெயர் ‘சென்னை நதிகள் மறுசீரமைப்பு அறக்கட்டளை’ என மாறியது. கட்டட இடிபாடுகளும் குப்பையும் குவிந்துகிடந்த கழிமுகப் பகுதியைச் சீர்திருத்தி, 58 ஏக்கரில் உருவாக்கிய தொல்காப்பியப் பூங்கா 2011இல் திறக்கப்பட்டது. பெயர்மாற்றத்தின் பொருளைக் கவனியுங்கள். பூங்காவைக் காக்கவேண்டுமாயின் ஆற்றைக் காக்கவேண்டும். அவ்வாறே கடலைக் காப்பவரும் ஆற்றிலிருந்தே தொடங்கவேண்டும்.

இனி, ஆட்சிக்குழுவின் கடமைகளைக் காண்போம்.

முதலாவது, சரியான வினாவைக் கேட்டல். ‘இம்மாதம் எத்தனை மூட்டை குப்பை எடுத்தோம்?’ என்று மட்டும் கேட்கும் குழு, மூட்டை பெருகப் பெருக மகிழத் தொடங்கிவிடும். ‘சென்ற ஆண்டினும் இவ்வாண்டு கரைக்கு வந்த குப்பை குறைந்ததா?’ என்பதே சரியான வினா. அமெரிக்காவின் டெக்சாஸ் கடற்கரையில் 1986இல் தொண்டர்கள் குப்பையைப் பொறுக்கியதோடு நில்லாமல், இன்ன பொருள் இத்தனை என்று அட்டையில் குறித்துக்கொண்டனர். அம்முயற்சியே செப்டம்பர் மாதத்து மூன்றாம் சனிக்கிழமையை ஒட்டி உலகெங்கும் நடைபெறும் கடற்கரைத் தூய்மைப் பணியாக வளர்ந்தது. எண்ணியவர்க்கே எங்கிருந்து வந்தது என்பது புலப்படும்.

இரண்டாவது, பணத்தில் தூய்மை. கணக்கு ஆண்டுதோறும் தணிக்கை செய்யப்பட்டு, எவரும் காணுமாறு வெளியிடப்படவேண்டும். இங்கே ஒரு கடினமான நிலை நேரலாம். பிளாஸ்டிக் உறையில் பொருளை அடைத்து விற்கும் நிறுவனமே பெருந்தொகையை நன்கொடையாக அளிக்க முன்வருகின்றது. ஏற்பதா, மறுப்பதா? தம் உறைகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை உற்பத்தியாளர்மீதே 2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் சுமத்தியுள்ளன. சட்டம் விதித்த கடன் வேறு. விரும்பி அளிக்கும் கொடை வேறு. கடனைச் செலுத்தாதவரின் கொடை வாயை அடைக்கும் கொடையாகும். அதனை மறுக்கும் துணிவில்லாத குழு, எத்துணைப் பெரியோரைக் கொண்டிருப்பினும், காவற்குழு ஆகாது.

மூன்றாவது, யார் அமர்வது என்பது. செல்வரும் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் மட்டும் கூடிப் பேசினால், தீர்மானம் அழகாக இருக்கும். கரை அழுக்காகவே இருக்கும். நாள்தோறும் வலை இழுப்பவர், தெருவைப் பெருக்குபவர், கடலியல் கற்றவர் ஆகியோரும் சரிசமமாக அமரவேண்டும். கருத்து வேறுபடும்போது மாற்றுக்கருத்தையும் நடவடிக்கைக் குறிப்பேட்டில் பதியவேண்டும். பல்லாண்டுகள் பள்ளிப் பதிவேடுகளோடு பழகியவன் என்னும் முறையில் கூறுகின்றேன்: ஒரு நிறுவனத்தின் நாணயத்தை அறிய அதன் விழா மேடையைப் பார்ப்பதினும் அதன் குறிப்பேட்டைப் பார்த்தல் நன்று.

‘இவையெல்லாம் பெரியோர் செய்யவேண்டியவை, எங்களுக்கு என்ன?’ என்று நீங்கள் கேட்கலாம். 1988இல் சென்னை மாணவர்கள் கடலாமைப் பாதுகாப்புக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினர். ஆமைகள் முட்டையிடும் பருவத்தில் இரவுதோறும் கடற்கரையில் நடந்து, முட்டைகளைக் காத்து, குஞ்சுகளைக் கடலில் விடும் பணியை அவர்கள் மேற்கொண்டனர். ஒவ்வொரு கூட்டின் கணக்கையும் எழுதிவைத்தனர். அவர்கள் படிப்பை முடித்துச் சென்றபின் இளையவர் வந்து ஏற்றுக்கொண்டனர். ஆள் மாறினாலும் பணி குறையவில்லை. சாவா மூவாப் பேராடு என்பது இதுவன்றோ?

ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து தடைசெய்தது. தடை ஏட்டில் இருக்கின்றது. அதைத் தெருவிலும் நிலைநிறுத்துவது நம்மிடம் இருக்கின்றது. உங்கள் பள்ளியிலோ கல்லூரியிலோ ஐவர் கூடி ஒரு குழு அமையுங்கள். உங்கள் தெரு வடிகால் எந்தக் கால்வாயில் சேர்கின்றது என்று முதலில் கண்டறியுங்கள். அதன் வாயில் மழைக்கு முன் என்ன கிடக்கின்றது என்பதை எண்ணிக் குறித்து, அக்கணக்கை உங்கள் வட்டாரத்து மாநகராட்சி அலுவலகத்திற்கு எழுதியனுப்புங்கள். பதில் வரும்வரை விடாது எழுதுங்கள். அடுத்த ஆண்டு குறிப்பேட்டை இளைய வகுப்பாரிடம் ஒப்படையுங்கள். அன்று நீங்களும் கடலின் அறங்காவலரே.