கல்லூரி மேடையில் ஒரு மாணவன்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



இயக்குநர் மகேந்திரனைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். 2016-இல் வந்த 'தெறி' படத்தின் வில்லன் என்றால் முன்வரிசைத் தம்பிகளுக்கு உடனே புரியும். நான் சொல்ல வந்தது மாணவர் மகேந்திரனை.

இளையான்குடிக்காரர். 1958-இல் காரைக்குடி அழகப்பா கல்லூரி மாணவர். விழாவுக்கு எம்.ஜி.ஆர். வந்திருக்கிறார். அவரைப் பார்க்க வந்த கூட்டம் மாணவன் பேச்சையா கேட்கும்? ஒரே கூச்சல். இவர் மேடையேறி, எம்.ஜி.ஆரை வைத்துக்கொண்டே சினிமாவைக் கிண்டலடித்தார். கல்லூரியில் ஒருத்தன் காதலித்தால் ஊரே எதிர்க்கிறது, படத்தில் இவர் டூயட் பாடிக் காதலிக்கிறார், யாரும் ஏனென்று கேட்பதில்லையே என்கிற மாதிரி. கூட்டம் கைதட்டியது. எம்.ஜி.ஆரும் சிரித்தார், நல்ல விமர்சகராக வரத் தகுதியுள்ளவர் என்று எழுதியும் கொடுத்தார்.

கைதட்டல் சோறு போடுமா? சட்டம் படிக்கச் சென்னை வந்தவர், பணமில்லாமல் படிப்பை விட்டார். பத்திரிகை வேலை. எம்.ஜி.ஆர். அழைத்து 'பொன்னியின் செல்வ'னுக்குத் திரைக்கதை எழுதவைத்தார்; படம் வரவில்லை. அப்புறம், எந்தச் சினிமாவைக் கிண்டலடித்தாரோ அதற்கே கதை வசனம் எழுதிப் பிழைத்தார். 1974-இல் 'தங்கப்பதக்கம்'. அந்த வசனத்தை நம்ம விடுதி ஆண்டுவிழாவில் பேசாத ஆளுண்டா? விருப்பமில்லாமல் சினிமாவுக்கு வந்தவன் என்றே அவர் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த மேடைப் பேச்சுக்கு 20 வருஷம் கழித்து, 1978-இல்தான் முதல் படம்: 'முள்ளும் மலரும்'. உமாசந்திரன் நாவல், பாலு மகேந்திரா ஒளிப்பதிவு. வசனகர்த்தாவை நம்பிப் பணம் போட்ட தயாரிப்பாளர், படத்தில் வசனமே காணோமே என்று கொதித்துப்போனார். ஒரு பாட்டுக்குச் செலவழிக்க மறுத்துவிட, கமல்ஹாசன் உதவியால் அதை எடுத்தார்கள். படம் ஓடியது. கடைசிக் கட்டத்தைப் பாருங்கள். தங்கையைத் தானே கையைப் பிடித்துக் கொடுக்கிற காளி, மாப்பிள்ளையை அப்போதும் தனக்குப் பிடிக்கவில்லை என்கிறான். வேறு யாராவது எடுத்திருந்தால் கட்டிப்பிடித்து அழ விட்டிருப்பார்கள்!

அடுத்த வருஷம் 'உதிரிப்பூக்கள்'. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'தான் வித்து, வளர்ந்ததெல்லாம் இவருடையது. மனைவியைச் சித்திரவதை செய்தவனை ஊரே ஆற்றுக்குள் இறங்கச் சொல்கிறது. நல்லவர்களான உங்களையும் என்னை மாதிரி ஆக்கிவிட்டேனே என்று சொல்லிவிட்டு அவன் இறங்குகிறான். கரையில் இரண்டு குழந்தைகள். வில்லன் செத்தான் என்று கைதட்ட நமக்குக் கை வருவதில்லை.

2019-இல் காலமானார். இயக்கியவை 12 படங்கள்தான். எல்லாமே இந்தத் தரம் என்று நான் சொல்ல மாட்டேன். இன்று மாலை நம் அரங்கில் 'உதிரிப்பூக்கள்' போடுகிறார்கள். தம்பிகளா, ஆற்றங்கரைக் காட்சி முடிகிற வரைக்கும் எழுந்து போயிடாதீங்க.