வேகமும் நினைவும்

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், லயத்து வாசலிலே அமர்ந்து, தமையன் பாவித்துக் கழித்த பழைய கைத்தொலைபேசியில் சதுரங்கம் பழகும் மாணவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். "நகரத்துப் பிள்ளைகளின் கணனி வேகமானது, என் யந்திரமோ மந்தமானது. அவர்களுக்கு நான் ஈடாவேனா?" என்று அவன் கேட்பானாயின், நாம் என்ன விடை பகர்வது?

முதலில் யந்திரத்தின் வேலையைக் காண்போம். ஆட்டத் தொடக்கத்தில் வெள்ளைக்கு 20 நகர்த்தல்கள் உண்டு, கறுப்புக்கும் 20. ஆகவே இருவரும் ஒருமுறை ஆடியதும் 400 நிலைகள் தோன்றக்கூடும். இவ்வாறே அவை பெருகிச் செல்லும். 1997ஆம் ஆண்டு நியூயோர்க்கில் உலக வீரர் கஸ்பரோவை வென்ற 'டீப் புளூ' என்னும் கணனி, விநாடிக்கு ஏறக்குறைய 20 கோடி நிலைகளை ஆராய்ந்தது. வேகமே வெற்றி என்று பலர் எண்ணினர்.

ஆனால் 2009இல் ஆர்ஜென்டீனாவின் புவனஸ் அயர்ஸ் நகரில் நடந்த போட்டியொன்றில், 'பொக்கெட் பிரிட்ஸ் 4' என்னும் நிரல் ஒரு கைத்தொலைபேசியிலே இயங்கி, 10 ஆட்டங்களில் 9½ புள்ளிகளுடன் முதலிடம் பெற்றது. அது விநாடிக்கு 20,000 நிலைகளைக்கூட ஆராயவில்லை. டீப் புளூவின் வேகத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு! அங்கே எதிரே அமர்ந்தவர் கஸ்பரோவ் அல்லர் என்பது மெய்யே. எனினும் இத்துணைச் சிறு வேகத்தில் அது எவ்வாறு வென்றது?

காரணங்கள் இரண்டு. ஒரு பாதையில் மண்சரிவைக் கண்டவன் அதன் கடைசிவரை நடந்து பார்ப்பதில்லை. அதுபோல, ஒரு நகர்த்தல் தீங்கானது என்பதற்கு ஒரு சான்று கிடைத்ததும், நல்ல நிரல் அதனை அப்பால் ஆராயாது விட்டுவிடும். இது முதலாவது.

இரண்டாவது, நினைவு. லயத்திலிருந்து தேயிலைத் தொழிற்சாலைக்குப் பெருவீதியாலும் போகலாம், குறுக்குப் பாதையாலும் போகலாம், சேருமிடம் ஒன்றே. சதுரங்கத்திலும் நகர்த்தல்களின் வரிசை மாறினும் அதே நிலை மீண்டும் வரும். முன்னர் கண்ட முடிவைக் கணனி தன் நினைவகத்தில் குறித்து வைத்திருந்தால், மறுபடி கணக்கிட வேண்டுவதில்லை.

நினைவகம் மிகச் சிறுத்தாலும் இடர் உண்டு. 1980களின் தொடக்கத்தில், 'இசட்.எக்ஸ். 81' கணனியின் 1 கிலோபைற்று நினைவகத்துக்குள் ஒரு சதுரங்க நிரலை அடக்கினர். அரசனையும் யானையையும் இடம் மாற்றும் கோட்டை விதிக்கு அதில் இடமில்லாமற் போயிற்று. அதற்காக, நினைவகத்தை இரட்டித்தால் ஆட்டத்திறனும் இரட்டிக்கும் என எண்ணலாகாது. போதிய அளவு வாய்த்தபின், கூட்டுவதால் வரும் நன்மை சிறிதே.

ஆகவே அம்மாணவனுக்கு நாம் சொல்லக்கூடியது இது: "தம்பி, உன் கையிலுள்ள பழைய யந்திரம் உனக்கு ஆசானாக இருக்கப் போதுமானது. அதன் விடையைப் பார்க்குமுன் உன் விடையை நீயே தேடு. தோற்ற ஆட்டங்களைக் கொப்பியில் எழுதி வை. ஒருமுறை கண்ட பிழையை மறுமுறை செய்யாதே. அந்தக் கொப்பியே உன் நினைவகம்."