பழைய சட்டையும் ஓர் அமானத்தே!

(பிள்ளைகளின் பயன்படுத்திய பொருட்களை விற்றுக் கொடுப்பதற்கான முன்னேற்பாட்டுக் கூட்டத்தில், பெண்கள் மத்தியில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



அன்புத் தாய்மார்களே, சகோதரிகளே! பிள்ளைகள் வளர வளர வீட்டில் தங்கிப்போகும் துணிமணி, சைக்கிள், விளையாட்டுச் சாமான்களை ரமலானுக்கு முன் நம் அறக்கட்டளை விற்றுத் தர இருக்கிறது, இன்ஷா அல்லாஹ். “சும்மாவே கொடுத்துவிடலாமே, எதற்கு விலை?” என்று ஒரு சகோதரி கேட்டார்.

வசதியுள்ளவர்கள் தாராளமாக ஸதக்காவாகக் கொடுக்கட்டும். ஆனால் மில்லிலும் சத்திரப்பட்டி பேண்டேஜ் தறியிலும் உழைத்துக் குடும்பம் நடத்தும் எத்தனையோ பெண்கள், வரிசையில் நின்று இலவசமாக வாங்கக் கூசுகிறார்கள். நூறு ரூபாய் கொடுத்து, தானே பார்த்து எடுத்த சட்டையைப் பெருநாளன்று பிள்ளைக்குப் போட்டுவிடும்போது அவர்களுக்கு அந்தக் கூச்சம் இல்லை. விற்பவரும் பல நேரம் அவரைப் போன்ற ஒரு தாய்தான். மூத்தவளின் சைக்கிளை விற்ற காசில்தான் இளையவனுக்கு ஷூ வாங்க வேண்டியிருக்கும்.

மார்க்கத்தில் இதற்கு வகாலத் என்று பெயர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், ஓர் ஆடு வாங்கி வரும்படி உர்வா அல்பாரிகீ (ரலி) அவர்களிடம் ஒரு தீனார் கொடுத்தார்கள். அவரோ அதில் இரண்டு ஆடுகளை வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்றுவிட்டு, ஆட்டையும் தீனாரையும் கொண்டுவந்து ஒப்படைத்தார். அவருடைய வியாபாரத்தில் பரக்கத் உண்டாக நபியவர்கள் துஆ செய்தார்கள். நமக்கு இதில் பாடம் இருக்கிறது. நீங்கள் நூறு என்று எழுதியது நூற்றிருபதுக்குப் போனால், அந்தக் கூடுதலும் உங்கள் கணக்கில்தான் சேரும். உங்களைக் கேட்காமல் நாங்கள் விலையைக் குறைக்கவும் மாட்டோம். நூறு ரூபாய்க்கு விற்றால் எண்பது உங்களுக்கு, இருபது மதரஸா பிள்ளைகளின் நோட்டுச் செலவுக்கு என்பதை இப்போதே பேசி முடிவு செய்துகொள்கிறோம்.

இனி உங்கள் பொறுப்பு. துணியைத் துவைத்து, நன்றாக வெயிலில் காயவைத்து, இஸ்திரி போட்டுக் கொண்டு வாருங்கள். உள்பக்கம் திருப்பி அக்குள், கழுத்துப்பட்டி, தையல் மூன்றையும் பாருங்கள். ஜிப்பை இரண்டு முறை ஏற்றி இறக்குங்கள். இறுக்கம் போன எலாஸ்டிக்கை மாற்ற அதிகம் செலவாகாது. மாற்றினால் பாவாடைக்கு நல்ல விலை கிடைக்கும். பைகளைத் துழாவிப் பாருங்கள். வயதை மட்டும் எழுதினால் போதாது, ஐந்து வயதுப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே உயரமா? இஞ்ச் டேப்பால் நீளம், மார்பு அளந்து எழுதுங்கள். ஷூக்களை ஜோடியாகக் கட்டிவிடுங்கள்.

குறை இருந்தால் சீட்டில் எழுதிவிடுங்கள். மேலே காய்ந்து, உள்ளே ஈரமாக இருந்த தானியக் குவியலைக் கண்ட நபியவர்கள், மக்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கண்டித்தார்கள். நம் விஷயத்தில் ஈரத்தை மேலே வைப்பது என்றால், “முழங்காலில் சிறு கறை” என்று எழுதுவதுதான். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரும் ஒரு தாய், சட்டையை மாற்றிக் கேட்டு மறுபடி ராஜபாளையம் வந்தால் அவருக்கு அரைநாள் கூலி போகும்.

விலைக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். நீங்கள் அன்று கொடுத்ததை விடுங்கள். அதே பொருள் இன்று கடையில் என்ன விலை என்று பாருங்கள். பிரிக்காமல் புதிதாக இருந்தால் அதில் பாதி. நன்றாக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு. தினமும் போட்டு வெளுத்திருந்தால் ஆறில் ஒரு பங்கு. அறுநூறு ரூபாய் ஃபிராக் என்றால் முந்நூறு, இருநூறு, நூறு. சைக்கிளுக்கு டயர், பிரேக் செலவைக் கழித்துக்கொள்ளுங்கள். அத்தா துபாயிலிருந்து அனுப்பிய பொம்மை என்ற பாசத்துக்கு விலை போட முடியாது. பிரிய மனமில்லையென்றால் வீட்டிலேயே இருக்கட்டும்.

சிலவற்றை வாங்க மாட்டோம். பயன்படுத்திய பால் புட்டி, நிப்பிள், உள்ளாடை வேண்டாம். உடைந்த முனையுள்ள பொம்மையும், சிறு பிள்ளை விழுங்கிவிடக்கூடிய பட்டன் பேட்டரி வெளியே தெரியும் பொம்மையும் வேண்டாம். 2021 முதல் புதுப் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். அது இருந்தால் சீட்டில் குறிப்பிடுங்கள். வீல் வைத்த நடைவண்டி படிக்கட்டில் உருண்டு பிள்ளைகளைக் காயப்படுத்துகிறது என்று கனடா 2004-லேயே அதைத் தடை செய்துவிட்டது. நாமும் தவிர்ப்போம். அரசு இலவசமாகக் கொடுத்த பாடப்புத்தகங்களுக்கு விலை வைக்க வேண்டாம். அவற்றுக்குத் தனி மேஜை உண்டு, வேண்டியவர்கள் சும்மா எடுத்துக்கொள்ளட்டும்.

விற்காமல் மீந்தால் திருப்பித் தர வேண்டுமா, ஸதக்காவா என்பதையும் சீட்டில் எழுதுங்கள். ஸதக்கா என்று எழுதுமுன், இதை ஒருவர் நமக்குக் கொடுத்தால் முகம் சுளிக்காமல் வாங்குவோமா என்று மனதைக் கேளுங்கள். நாமே கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்குவோம் என்ற மட்டமானதைத் தர்மத்துக்குத் தேடாதீர்கள் என்பது திருக்குர்ஆனின் அறிவுரை.

நம் கொடுக்கல் வாங்கலில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.