எண்ணிக்கையை மறைப்பது யாருக்காக?

(கல்லூரி வளாகங்களில் நடக்கும் குற்றங்களும் பாதுகாப்பும் பற்றி, மாணவர்களும் பெற்றோர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



உங்கள் கல்லூரியில் சென்ற மூன்று வருஷங்களில் எத்தனை திருட்டு நடந்தது? எத்தனை அடிதடி? எத்தனை பெண்கள் மானபங்கத்துக்கு ஆளானார்கள்? இந்த மண்டபத்தில் யாராவது ஒருவர் எழுந்து சொல்ல முடியுமா? முடியாது. வருஷக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டால் பைசா சுத்தமாகச் சொல்வீர்கள். எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று கேட்டால், கல்லூரியே சாலை ஓரத்தில் ஆளுயரத் தட்டி கட்டி வைத்திருக்கிறது. ஆனால் பிள்ளையை எந்த இடத்தில் விட்டுவிட்டு வந்தோம், அங்கே இரவு பத்து மணிக்கு என்ன நடக்கிறது என்ற கணக்கு மட்டும் பெற்றவர்களுக்கும் தெரியாது, அங்கேயே குடியிருக்கும் பிள்ளைகளுக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் நாலைந்து பேர். அவர்கள் வாயைத் திறப்பதில்லை.

நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். கல்லூரி விவகாரம் பேச இவனுக்கு என்ன யோக்கியதை என்று யாராவது நினைத்தால் அது நியாயமே. ஆனால் ஓர் எண்ணிக்கையை எப்படி மாயமாக்குவது என்கிற வித்தையை நான் ஆலை வாசலில் கண்ணால் பார்த்தவன். பஞ்சாலை ஒன்றில் சங்க வேலை செய்து வந்தேன். அதன் வாசலில் ஒரு பலகை இருந்தது. ‘விபத்தில்லாத நாட்கள்’ என்று எழுதி, பக்கத்தில் தினமும் ஓர் எண்ணை மாற்றுவார்கள். 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. விபத்தில் காயம்பட்ட தொழிலாளி 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்ய முடியாமல் போனால், நிர்வாகம் தொழிற்சாலை ஆய்வாளருக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும். ஒரு நாள் கார்டிங் பகுதியில் ஒரு தோழரின் விரல்கள் நசுங்கின. மறுநாள் காலையில் அவர் வீட்டு வாசலில் ஆலை வண்டி நின்றது. கட்டுப் போட்ட கையோடு அவரை ஏற்றி வந்து, டைம் ஆபீசில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, வருகைப் பதிவில் ஆஜர் போட்டார்கள். சட்டப்படி விபத்தே இல்லை! அவருக்குக் கை போயிற்று. பலகையில் ஒரு நாள் கூடிற்று.

பல்கலைக் கழகங்களிலும் இப்படிப் பலகைகள் உண்டு, கண்ணுக்குத் தெரியாத பலகைகள். அவற்றை உடைக்க ஒரு தாயும் தகப்பனும் புறப்பட்ட கதையைத்தான் முதலில் சொல்லப் போகிறேன். அது அமெரிக்காவில் நடந்தது.

உருக்காலை ஊரில் ஒரு கொலை

பென்சில்வேனியா மாநிலத்தில் பெத்லஹேம் என்றொரு ஊர். உருக்காலைக்குப் பெயர்பெற்றது. அந்த ஊரில் லீஹை பல்கலைக் கழகம் இருக்கிறது. வசதி படைத்தவர்கள் பிள்ளைகளை அனுப்பும் தனியார் பல்கலைக் கழகம். 1986-ம் வருஷம் ஏப்ரல் 5-ந் தேதி, அங்கே முதலாண்டு படித்துக் கொண்டிருந்த ஜீன் கிளெரி என்ற 19 வயது மாணவி, விடுதியில் தன் அறையிலேயே பாலாத்காரம் செய்யப்பட்டுக் கொல்லப்பட்டாள். செய்தவன் அதே பல்கலைக் கழகத்து மாணவன். அவளுக்கு அறிமுகம்கூட இல்லாதவன். தானாகப் பூட்டிக் கொள்ளும் மூன்று கதவுகளைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். ஆனால் அவை பூட்டிக் கொள்ளாதபடி யாரோ அட்டைப் பெட்டிகளைச் செருகி வைத்திருந்தார்கள். மாணவர்களின் அலட்சியம் என்று சொல்லிக் கோப்பைக் கட்டிவிட எவ்வளவு வசதி பாருங்கள்!

ஜீனின் பெற்றோர் ஹோவர்ட் கிளெரியும் கான்னி கிளெரியும் அதோடு விடவில்லை. இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அவளுடைய அண்ணன்மார் படித்தது டூலேன் பல்கலைக் கழகத்தில். மகளையும் அங்கேயே அனுப்பியிருப்பார்கள். ஆனால் அங்கே படித்த ஒரு மாணவி கொலையுண்டாள் என்ற செய்தி காதில் விழவே, அது வேண்டாமென்று லீஹையைத் தேர்ந்தெடுத்தார்கள். மகள் இறந்த பிறகுதான் தெரிந்தது, லீஹை வளாகத்தில் முந்தைய மூன்று வருஷங்களில் 38 வன்முறைக் குற்றங்கள் நடந்திருந்தன என்று. ஒருவரும் அவர்களிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இதில் உள்ள கணக்கு வியாபாரக் கணக்கு. எந்த இடத்தில் நடந்த குற்றம் வெளியே வந்ததோ, அந்த இடம் ஒரு மாணவியை இழந்தது. எது வாயை மூடிக் கொண்டிருந்ததோ, அதற்கு மாணவியும் கிடைத்தாள், கட்டணமும் கிடைத்தது. உண்மை சொன்னால் நஷ்டம், மறைத்தால் லாபம் என்று இருக்கும் வரை எந்த நிர்வாகம் தானாக முன்வந்து உண்மை சொல்லும்? துணைவேந்தர் நல்லவரா கெட்டவரா என்பது இதில் இரண்டாம் பட்சம். ஆலை மானேஜரும் வீட்டில் நல்ல மனிதர்தான்.

கிளெரி தம்பதிகள் பல்கலைக் கழகத்தின் மேல் வழக்குத் தொடர்ந்தார்கள். அது சமரசத்தில் முடிந்தது. 1987-ல் இதற்கென்றே ஓர் அமைப்பை நிறுவி, கிடைத்த பணத்தை அதில் போட்டார்கள். சட்டசபைப் படிகளை ஏறி இறங்கினார்கள். 1988-ல் பென்சில்வேனியாவில் சட்டம் வந்தது. 1990-ல் நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது. 1998-ல் அதற்கு ஜீன் கிளெரியின் பெயரையே வைத்தார்கள்.

அமெரிக்கச் சட்டத்தை இவன் மெச்சுகிறானே என்று சில தோழர்கள் முகம் சுளிக்கலாம். மெச்சவில்லை, தோழர்களே. அதன் ஓட்டைகளுக்கும் வருகிறேன். ஆனால் அது அமெரிக்க சர்க்காரின் கருணையால் விளைந்ததல்ல. பெண்ணைப் பறிகொடுத்தவர்கள் விடாப்பிடியாக நின்று வாங்கியது. நல்ல அரிவாள் யார் பட்டறையில் அடித்ததானாலும் கதிர் அறுக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

சர்க்காரிடம் மாணவர் உதவிப் பணம் பெறும் ஒவ்வொரு கல்லூரியும், ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் முதல் தேதிக்குள், முந்தைய மூன்று வருஷங்களில் வளாகத்தில் நடந்த குற்றங்களின் எண்ணிக்கையை வகைவாரியாக வெளியிட வேண்டும். கொலை, பாலியல் குற்றம், கொள்ளை, தாக்குதல், புகுந்து திருடுதல், தீ வைத்தல் எல்லாம் அதில் உண்டு. கல்லூரிக்கென்று போலீசோ காவல் துறையோ இருந்தால், தினக் குறிப்பேடு ஒன்றும் வைக்க வேண்டும். என்ன குற்றம், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்று இரண்டு வேலை நாட்களுக்குள் அதில் ஏற்றி விட வேண்டும். கடைசி 60 நாட்களின் பக்கங்களை யார் வந்து கேட்டாலும், வழிப்போக்கன் கேட்டாலும் காட்ட வேண்டும். ஆபத்து தொடரக் கூடியதானால் உடனே எல்லோரையும் எச்சரிக்க வேண்டும். போலீசுக்கு வந்த புகார் மட்டும் கணக்கல்ல. விடுதிப் பொறுப்பாளர், விளையாட்டுப் பயிற்சியாளர் போன்றவர்கள் காதுக்கு வந்ததையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எழுதிவிட்டால் நடந்துவிடுமா? 2006 டிசம்பரில் கிழக்கு மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் ஒரு மாணவி விடுதி அறையில் இறந்து கிடந்தாள். சந்தேகப்பட ஒன்றுமில்லை என்று நிர்வாகம் அறிவித்தது. பத்து வாரம் கழித்து, 2007 பிப்ரவரியில், அங்கே படித்த ஒருவனைப் போலீசார் கொலைக் குற்றத்துக்காகக் கைது செய்தார்கள். அப்போதுதான் மகள் கொல்லப்பட்டாள் என்பதே பெற்றவர்களுக்குத் தெரிய வந்தது! பத்து வாரம் அந்த விடுதி மாணவர்கள் ஒன்றும் தெரியாமல் அங்கேயே தூங்கி எழுந்தார்கள். அந்தப் பல்கலைக் கழகத் தலைவர் பதவி இழந்தார். மூன்றரை லட்சம் டாலர் அபராதம் கட்டினார்கள்.

அதே 2007-ல், ஏப்ரல் 16-ந் தேதி, வர்ஜீனியா டெக்கில் நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். காலை ஏழேகால் மணிக்கு விடுதியில் இரண்டு பேர் சுடப்பட்டார்கள். மாணவர்களுக்கு மின்னஞ்சல் போனது 9 மணி 26 நிமிஷத்துக்கு. இடையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடிவிட்டது. பிள்ளைகள் வழக்கம்போல் வகுப்புக்குப் போய் உட்கார்ந்து விட்டார்கள். சிறிது நேரத்தில் நாரிஸ் ஹால் என்ற கட்டடத்தில் கொலையாளி நுழைந்தான். அன்று மொத்தம் 32 பேர் கொல்லப்பட்டார்கள். நாரிஸ் ஹாலில் நீரியல் பாடம் நடத்திக் கொண்டிருந்த பேராசிரியர் ஜி. வி. லோகநாதன் அவர்களில் ஒருவர். நம் கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் பிறந்து, கோவை பி.எஸ்.ஜி. தொழில் நுட்பக் கல்லூரியில் படித்துப் போனவர். எச்சரிக்கை தாமதமானதற்கு முதலில் 55,000 டாலர் அபராதம் விதித்தார்கள். மேல் முறையீடு, அதற்கு மேல் முறையீடு என்று இழுத்துக் கடைசியில் கட்டியது 32,500 டாலர். உயிர் ஒன்றுக்கு ஆயிரம் டாலரும் சில்லறையும்!

இனி ஓட்டைகள். கணக்கை எழுதுவது நிர்வாகமே; எனவே எழுதாமல் விடுவதும் நிர்வாகமே. வளாகம், அதை ஒட்டிய பொது இடம் போன்ற குறிப்பிட்ட இடங்கள்தான் கணக்கில் வரும். வெளியே வாடகை அறையில் தங்கும் மாணவிக்கு நடப்பது பெரும்பாலும் வராது. 2016-ம் வருஷக் கணக்கை அமெரிக்கப் பல்கலைக் கழகப் பெண்கள் சங்கம் பரிசீலித்தபோது, 89 சதவிகித வளாகங்கள் பாலாத்காரப் புகார் ‘பூஜ்யம்’ என்று எழுதியிருந்தன. பூஜ்யம்! என் ஆலைப் பலகைதான் ஞாபகம் வருகிறது. 2024-ல் லிபர்ட்டி பல்கலைக் கழகத்துக்கு ஒரு கோடியே நாற்பது லட்சம் டாலர் அபராதம் போட்டார்கள். அங்கே கடுமையான ஒழுக்க விதிகள் உண்டு. தனக்கு நேர்ந்ததைச் சொன்னால், ‘நீ ஏன் அந்த இடத்துக்குப் போனாய்?’ என்று தன்னையே தண்டிப்பார்களோ என்று மாணவிகள் பயந்தார்கள். இந்தக் கேள்வி நம் விடுதிகளில் கேட்காத கேள்வியா?

நம் மண்ணில்

இந்தியாவில் வளாகக் குற்றங்கள் அனைத்தையும் வருஷந்தோறும் கல்லூரி பகிரங்கமாக வெளியிட வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் கிடையாது. துண்டு துண்டாகச் சில சட்டங்கள் உண்டு. 1996-ல் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் மருத்துவ மாணவர் நாவரசு ராகிங் கொடுமையில் கொலையுண்டதும், 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத கல்லூரித் தலைவர் குற்றத்துக்கு உடந்தையாகக் கருதப்படுவார் என்று அதில் ஒரு ஷரத்து இருக்கிறது. நல்ல ஷரத்து. அது எத்தனை பேர் மேல் பாய்ந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

2024 டிசம்பர் 23-ந் தேதி இரவு சென்னை அண்ணா பல்கலைக் கழக வளாகத்துக்குள் ஒரு மாணவிக்கு நடந்த கொடுமை தெரிந்ததே. அந்தப் பெண் தைரியமாகப் புகார் கொடுத்தாள். அடுத்து என்ன நடந்தது? அவள் யார் என்பதைக் காட்டும் முதல் தகவல் அறிக்கை ஊர் முழுக்கப் பரவியது! தொழில்நுட்பக் கோளாறு என்றார்கள். சென்னை உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகளைக் கொண்ட விசாரணைக் குழுவை அமைத்தது. 25 லட்சம் ரூபாய் இடைக்கால நஷ்டஈடு தர அரசுக்கு உத்தரவிட்டது. 2025 ஜூனில் மகளிர் நீதிமன்றம் குற்றவாளிக்கு, 30 வருஷத்துக்குக் குறையாத ஆயுள் தண்டனை விதித்தது.

நம் நிலைமையின் தலைகீழ்த்தனத்தைப் பாருங்கள், தோழர்களே. குற்றம் எந்த இடத்தில், எந்த நேரத்தில், எத்தனை முறை என்பது ஊருக்குத் தெரிய வேண்டும். பாதிக்கப்பட்டவள் யார் என்பது தெரியக் கூடாது. அமெரிக்கச் சட்டத்தில் எண்ணிக்கைக்கு ஒளிவு மறைவு இல்லை, அதில் பெயருக்கு இடமும் இல்லை. இங்கே எண்ணிக்கை இரும்பு அலமாரிக்குள். பெயர் கைபேசி கைபேசியாகச் சுற்றுகிறது. அடுத்த பெண் எந்தத் தைரியத்தில் புகார் எழுதுவாள்? அவள் எழுதவில்லையென்றால், நிர்வாகத்தின் ஏட்டில் மீண்டும் பூஜ்யம்.

ஏதாவது நடந்துவிட்டால் நிர்வாகங்களுக்குத் தெரிந்த மருந்து ஒன்றே ஒன்று: பெண்கள் விடுதியை ஆறு மணிக்கே பூட்டு! குற்றம் செய்தவன் வெளியே, படிக்க வந்தவள் உள்ளே. 2015-ம் வருஷத்துப் பல்கலைக் கழக மானியக் குழு விதிகள், பாதுகாப்பைச் சாக்காக வைத்து மாணவிகளுக்கு மட்டும் பாரபட்சமான விடுதிக் கட்டுப்பாடு விதிக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கின்றன. இதை வார்டன்களுக்கு யாரும் படித்துக் காட்டியதாகத் தெரியவில்லை.

வாசலில் நிற்கும் காவலாளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. எதையும் முதலில் பார்ப்பவர் அவர், அல்லது விடியற்காலையில் பெருக்க வரும் அம்மா. இருவரும் பெரும்பாலும் ஒப்பந்தக் கூலிகள். பார்த்ததைப் பதிவேட்டில் எழுதினால் நாளைக்கு வேலை இருக்குமா என்ற பயத்தோடு நிற்பவர்கள் என்ன எழுதுவார்கள்? பத்துக் காமிரா வாங்குகிற பணத்தில், வேலை நிரந்தரம் உள்ள இரண்டு காவலாளிகளை வைத்துப் பாருங்கள்.

செய்ய வேண்டியது என்ன? மனுப்போட்டுக் கேளுங்கள். அரசுக் கல்லூரியும் அரசுப் பல்கலைக் கழகமும் 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாள் தவணை. மூன்று வருஷத்தில் எத்தனை புகார், எந்த வகை, எந்த இடம், எத்தனை போலீசுக்குப் போயிற்று என்று மட்டும் கேளுங்கள். யாருடைய பெயரையும் கேட்காதீர்கள். சுயநிதிக் கல்லூரியானால், அது இணைந்திருக்கும் பல்கலைக் கழகத்திடம் கேளுங்கள். இரண்டாவது, அதே 2015 விதிகளின்படி உள்விசாரணைக் குழுவில், மாணவர் சம்பந்தப்பட்ட புகார்களுக்கு, மூன்று மாணவர்கள் உட்கார வேண்டும். பட்டப்படிப்பு, மேற்படிப்பு, ஆராய்ச்சி மாணவர்களிலிருந்து ஒவ்வொருவர். நிர்வாகம் பொறுக்கி எடுத்தவர்களல்ல, மாணவர்கள் தேர்ந்தெடுத்தவர்கள். உங்கள் கல்லூரியில் அந்த மூவர் யார்? நாளைக் காலையில் அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். பெயர்ப் பலகையைக் காட்டினால், தேர்தல் எந்தத் தேதியில் நடந்தது என்றும் கேளுங்கள்.