பழுது பார்த்த வண்டி பழுதாகவே வந்தால்



ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த நாங்கள், இப்போது சிங்கப்பூரின் கீழ்க்கோடியிலுள்ள பாசிர் ரிஸில் குடியிருக்கிறோம். சின்ன வேன் ஒன்றில் காய்கறி ஏற்றிச் சென்று கடைகளுக்குக் கொடுப்பது எங்கள் பிழைப்பு. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று இப்படி வண்டியை நம்பித்தான் வாழ்கிறார்கள். ஆகவே எங்களுக்கு நேர்ந்ததைச் சொன்னால் உங்களில் சிலருக்காவது உதவும்.

மழை பெய்த ஒரு விடியற்காலையில் வேன் வழுக்கிச் சாலையோரத் தடுப்பில் மோதியது. ஆளுக்கு ஆபத்தில்லை. இடப்பக்க விளக்கும் கதவும் சக்கரமும் அடிபட்டன. சிங்கப்பூரில் விபத்து எவ்வளவு சிறியதானாலும் 24 மணி நேரத்துக்குள், அல்லது அடுத்த வேலை நாளுக்குள், காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 2008ஆம் ஆண்டிலிருந்து இருந்துவரும் ஏற்பாடு இது. நாங்களும் தெரிவித்தோம். நிறுவனம் தன் பட்டியலிலிருந்த ஒரு பட்டறைக்கு வண்டியை அனுப்பியது. நம் பங்காகக் கட்ட வேண்டிய முதல் தொகையைக் கட்டினோம்.

ஒன்பது நாள் கழித்து, பொழுது சாயும் நேரத்தில் வண்டி கைக்கு வந்தது. வேலை திருப்தி என்று ஒரு தாளை நீட்டினார்கள். மறுநாள் சரக்கு ஏற்ற வேண்டுமே என்ற அவசரம், கையெழுத்துப் போட்டுவிட்டோம். பகல் வெளிச்சத்தில், வண்டியை ஓட்டிப் பார்த்த பிறகல்லவா போட்டிருக்க வேண்டும்!

மறுநாள் பிரேக்கை மிதித்தால் வண்டி இடப்பக்கம் இழுத்தது. கதவிடுக்கில் மழைநீர் கசிந்தது. புதியது என்று கணக்கில் எழுதியிருந்த விளக்கு, பழையதைத் துடைத்து மாட்டியது. நீரும் விளக்கும் போகட்டும். பிரேக் பிடிக்கையில் ஒரு பக்கம் இழுக்கும் வண்டி, எதிரே வருகிறவர் உயிருக்கும் உலை வைக்கும். அன்றே ஓட்டுவதை நிறுத்தினோம். அந்த நாட்களின் வருமானம் போயிற்று. அதைப் பொதுவாகக் காப்புறுதி ஈடு செய்வதில்லை.

வேறு பட்டறையில் கொடுத்துச் சரிசெய்துகொள்ளச் சொன்னார்கள் நண்பர்கள். நாங்கள் இணங்கவில்லை. வேறொருவர் கை பட்டுவிட்டால் முதல் வேலையின் குறைக்குச் சாட்சி எங்கே? குறைகளைப் படம் பிடித்தோம். பட்டறையோடு தொடர்பில்லாத ஒரு சோதனையாளரிடம் வண்டியைக் காட்டி, சக்கரங்களின் நேர்த்தி சரியில்லை என்பதை எழுத்தில் வாங்கினோம்.

அடுத்தது முக்கியம். பட்டறைக்காரரோடு வாய்ச்சண்டை போடுவதில் பயனில்லை. நாம் பிரிமியம் கட்டுவது காப்புறுதி நிறுவனத்துக்கு. பட்டறையைப் பொறுக்கியதும் அதுவே. ஆகவே பொறுப்பையும் அங்கேதான் கேட்க வேண்டும். விபத்து நாள், பாலிசி எண், ஒவ்வொரு குறை, இன்ன நாளுக்குள் பதில் வேண்டும் என்ற கோரிக்கை, இவ்வளவையும் ஒரே பக்கத்தில் எழுதி நகல் வைத்துக்கொண்டு அனுப்பினோம். கையெழுத்துப் போட்டது கண்ணுக்குத் தெரிந்த வேலைக்குத்தான், மறைந்திருந்த குறைக்கு அல்ல என்பதையும் சேர்த்தோம். பட்டறையை நாமே தேர்ந்து, நாமே பணம் கொடுத்திருந்தால் கதை வேறு. அப்போது பட்டறையே பொறுப்பு. 20,000 வெள்ளி வரையிலான இத்தகைய வழக்குகளைச் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் இரண்டு ஆண்டுக்குள் வந்தால் விசாரிக்கும். அங்கே வழக்கறிஞருக்கு இடமில்லை, நாமே பேசலாம்.

நிறுவனத்தின் இறுதிப் பதில் மனநிறைவு தராவிட்டால், 2005இல் தொடங்கிய நிதித் துறைச் சச்சரவுத் தீர்வு நிலையத்துக்கு, அதாவது ஃபிட்ரெக்குக்கு, ஆறு மாதத்துக்குள் போகலாம். முதலில் சமரசம் பேசுவார்கள். ஒத்துவராவிட்டால் நடுவர் தீர்ப்பளிப்பார். அந்தத் தீர்ப்பை நாம் ஏற்றுக்கொண்டால் நிறுவனம் கட்டுப்பட வேண்டும். நமக்குப் பிடிக்கவில்லை என்றால் மறுத்துவிட்டு நீதிமன்றம் போகலாம். எளியவர் பக்கம் இவ்வளவு சாய்ந்த ஏற்பாட்டை நாங்கள் வேறெங்கும் கண்டதில்லை.

மலேசியத் தோட்டங்களிலுள்ளோருக்கு 2025 சனவரியில் தொடங்கிய நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மன் சேவை இருக்கிறது. வால்பாறையிலும் நீலகிரியிலும் உள்ள உறவினருக்குச் சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். அவரிடம் போகக் கட்டணமில்லை. ஆனால் எங்கும் முதல் கடிதம் நிறுவனத்துக்கே போக வேண்டும்.

எங்கள் கடிதத்துக்கு இரண்டு வாரத்தில் பதில் வந்தது. நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் வந்து வண்டியை ஓட்டிப் பார்த்தார். ஃபிட்ரெக் வரை போக நேரவில்லை. சக்கரத்தையும் கதவையும் அதே பட்டறை மறுபடி செய்தது. புது விளக்கும் வந்தது. பின்பக்கத்து வண்ணக் கீறலை மட்டும் பழைய கீறல் என்று மறுத்துவிட்டார்கள். அது உண்மைதான், ஆசைப்பட்டு நாங்கள்தான் சேர்த்து எழுதியிருந்தோம். இரண்டாம் தடவை வண்டியை எடுக்கப் போனபோது காலை பத்து மணி. தாளைக் கையில் வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, முதலில் வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தோம்.